பாடாங் செராய்க்குக் குடிவரும் தாதிக்கு எங்கே வேலை?

கேள்வி இதுதான். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு ஆண்டுகளாக மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் ஒரு தங்கச்சி கேட்கிறார். கணவருக்கு வடக்கே கெடா மாநிலத்தின் கூலிமில் தொழிற்சாலை வேலை கிடைத்துவிட்டது. மாமியார் அதன் பக்கத்தில் பாடாங் செராயில் தனியாக இருக்கிறார். நாலு வயதில் ஒரு பையன். இன்னும் மூன்று மாதத்தில் குடிமாற வேண்டும். "அந்தப் பக்கம் எல்லாம் தோட்டம்தானே அக்கா, எனக்கு என்ன வேலை இருக்கும்? வந்த பிறகு தேடலாமா, இப்போதே தேடணுமா?"

தங்கச்சி, இப்போதே தேடுங்கள். அதற்கும் முன்னால், கிள்ளானை விட்டுக் கிளம்பும்போது கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும் என்பதைப் பாருங்கள். வடக்கே வேலை இல்லாமல் தவித்த தாதியரை நான் அதிகம் பார்த்ததில்லை. காகிதம் இல்லாமல் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருத்தி.

1994-இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். வந்த வேகத்தில் கர்ப்பம், குழந்தை, மாமனாருக்குப் பக்கவாதம். தாதியாக வேலை செய்ய ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய அனுமதிச் சான்றிதழான ஏபிசியை இரண்டு வருடம் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். திரும்ப வேலைக்குப் போகலாம் என்று நினைத்தபோது ஏபிசி இல்லாமல் எந்த வார்டிலும் கால் வைக்க முடியவில்லை. ஒரு கிளினிக்கில் மட்டும் "பரவாயில்லை, உதவியாளராக இருங்கள்" என்று சேர்த்துக்கொண்டார்கள். பதினான்கு மாதம் வேலை செய்தேன். பிறகுதான் ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்த்தேன், ஒரு மாதம்கூடக் கட்டியிருக்கவில்லை. கேட்கப் போனால் நான்தான் தாதியாகவே சேரவில்லையே என்றார்கள். அன்று அந்தக் கிளினிக் படியில் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏபிசி ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் தேதி முடிகிறது. நடுவில் மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தாலும், ஆறு மாதம் மாமியாரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாலும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதுப்பிக்க, தொழில் சார்ந்த வகுப்புகளுக்குப் போவதால் கிடைக்கும் சிபிடி புள்ளிகள் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கிள்ளானில் இருக்கும்போது அது பெரிய விஷயமில்லை. மாதத்துக்கு ஒரு சிஎன்இ, அதாவது தாதியருக்கான தொடர்கல்வி வகுப்பு, மதியச் சாப்பாட்டோடு நடக்கும். இங்கே சின்ன இடத்தில் சேர்ந்துவிட்டால் அதற்கென்று லீவு எடுத்துக்கொண்டு சுங்கை பட்டாணிக்கோ பினாங்குக்கோ போக வேண்டி வரும். ஆகவே இருக்கிற மூன்று மாதத்தில் கிடைக்கிற வகுப்புக்கெல்லாம் போய்ப் புள்ளிகளைச் சேர்த்துவிடுங்கள். பிஎல்எஸ் என்ற அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ் காலாவதி ஆகப்போகிறது என்றால் அதையும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம், சேவைச் சான்று. "இவர் இங்கே இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை செய்தார்" என்று இரண்டு வரியில் மனிதவளப் பிரிவு ஒன்று கொடுக்கும். அது போதாது. எந்த வார்டில் எத்தனை மாதம், எத்தனை கட்டில் கொண்ட வார்டு, இன்சார்ஜாக ஷிஃப்ட் நடத்தினீர்களா, வென்டிலேட்டர், சென்ட்ரல் லைன், ரத்தம் ஏற்றுவது என்று எதையெல்லாம் தனியாகக் கையாண்டீர்கள் என்பதை வார்டு சிஸ்டரிடம் சொல்லித் தனிக் கடிதமாக எழுதி வாங்குங்கள். பின்னால் போஸ்ட் பேசிக் என்ற சிறப்புத் தாதிமைப் படிப்புக்கோ, கல்லூரியில் கற்பிக்கவோ போகும்போது அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். அன்றைக்கு அந்த சிஸ்டர் சவூதிக்குப் போயிருப்பார், மருத்துவமனை கைமாறியிருக்கும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி அட்டையையும், ஆன்டிபாடி பரிசோதனை முடிவையும் அதே கோப்பில் வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ராஜினாமா விஷயத்தில் ஒரு கணக்கு. உங்கள் வேலைக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று இன்றே எடுத்துப் பாருங்கள். கடிதத்தில் எதுவும் இல்லை என்றால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தவருக்கு எட்டு வாரம். மூன்று மாதத்தில் எட்டு வாரம் போனால் யோசிக்க மிச்சம் இருப்பது ஒரு மாதம்தான். படிக்கும்போது மருத்துவமனை செலவு செய்து, அதற்கான ஒப்பந்தம் ஏதாவது இன்னும் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலை எங்கே என்பதற்கு வருகிறேன்.

பாடாங் செராயில் நின்றுகொண்டு பார்த்தால் ஒரு பக்கம் கூலிம், ஒரு பக்கம் சுங்கை பட்டாணி, லுனாஸ் வழியாக பிகேஇ என்ற பட்டர்வொர்த்-கூலிம் நெடுஞ்சாலை ஏறினால் செபராங் ஜெயா. எல்லாமே காரில் ஏறக்குறைய அரை மணி, நெரிசலில் இன்னும் கொஞ்சம். ஆகவே ஹென்ரியேட்டா, விக்டோரியா தோட்டங்களின் பெயரைக் கேட்டு "காட்டுக்குள் போகிறேன்" என்று பயப்பட வேண்டாம். கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் பெரிய அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. தனியார் என்றால் சுங்கை பட்டாணியில் பந்தாய், மெட்ரோ. பினாங்குப் பெருநிலத்தில் செபராங் ஜெயா, பண்டார் பெர்டா, பட்டர்வொர்த் என்று வரிசையாக இருக்கின்றன. உங்கள் எட்டு வருட மெடிக்கல் வார்டு அனுபவத்துக்கு இவற்றில் கதவு திறக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் தாதியர் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அந்த இடங்கள் காலியாகிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே யோசியுங்கள். கணவரும் ஷிஃப்ட், நீங்களும் ஷிஃப்ட் என்றால் நாலு வயதுப் பையனுடன் இரவில் யார்? மாமியாரால் முடியுமா? அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது, விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகும்போது பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுப் போவார்கள். இன்றைக்குத் தாமானில் இருக்கும் பராமரிப்பாளர்கள் மாலை ஆறு ஆறரைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள். இரவு ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதும் சாதாரண விஷயமில்லை. என்னோடு வேலை செய்த ஒரு பெண் அப்படித்தான் தூக்கக் கலக்கத்தில் லோரிக்குப் பின்னால் மோதினாள். பிழைத்தாள், ஆனால் இடது கை முன்போல் இல்லை.

இன்னொன்று, தெற்கிலிருந்து வருபவர்கள் மறந்துவிடுவது: கெடாவில் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அரசாங்க அலுவலகம் திறந்திருக்கும், தமிழ்ப்பள்ளியும் நடக்கும். பினாங்கில் சனி, ஞாயிறு. நீங்கள் செபராங் ஜெயாவில் சேர்ந்தால், பையன் அடுத்த சில ஆண்டில் இங்கே பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், உங்கள் விடுமுறையும் அவன் விடுமுறையும் ஒத்து வருவது சனிக்கிழமை மட்டும்தான். கணவரின் தொழிற்சாலைக்கு வேறு நாள்காட்டி இருக்கலாம். நேர்முகத்துக்குப் போகும் முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் கோப்பைத் தூக்கிக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள், பூட்டியிருக்கும்.

அரசாங்க வேலை வேண்டும் என்று பலருக்கும் ஆசை. தப்பில்லை, விண்ணப்பியுங்கள். எஸ்பிஏ என்ற பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்துகொண்டு, தாதி பதவிக்கு விளம்பரம் வரும்போது பாருங்கள். நாம் யு29 என்று சொல்லிப் பழகிய தரம், 2024 டிசம்பரில் புதிய சம்பளத் திட்டம் வந்தபின் யு5 ஆகியிருக்கிறது. எஸ்பிஎம்மில் மலாய்மொழியில் கிரெடிட் கேட்பார்கள். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள், இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கூலிம் என்று நினைத்து விண்ணப்பித்து, சபாவுக்குக் கடிதம் வந்த பிள்ளைகள் உண்டு. கணவர் இருக்கும் ஊர் என்று காரணம் காட்டி மாற்றல் கேட்கலாம், இடத்தை மாற்றிக்கொள்ள இன்னொரு தாதி சம்மதித்தால் சேர்ந்தும் கேட்கலாம், ஆனால் அது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, அதை நம்பி வீட்டில் காத்திருக்காதீர்கள்.

எனக்கு உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது டயாலிசிஸ் மையம், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்யும் இடம். கேட்டதும் "அது வேண்டாமே அக்கா, தினமும் ஒரே வேலை" என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னால் பதினேழு வருடம் அதில் இருந்தேன்.

சர்க்கரை நோய் நம் மக்களை என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இந்தச் சின்னப் பட்டணங்களில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்தில் ஒரு காலை நின்று பாருங்கள். விடியுமுன்பே முதல் ஷிஃப்ட் நோயாளிகள் வந்து காத்திருப்பார்கள். பால்மரம் சீவிய கைகள், செம்பனைக் குலை வெட்டிய தோள்கள். ஒருவருக்கு நாலு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். திங்கள், புதன், வெள்ளி ஒரு கூட்டம், செவ்வாய், வியாழன், சனி இன்னொரு கூட்டம், ஞாயிறு பெரும்பாலும் ஓய்வு. இரவு வேலை கிடையாது. சிறு பிள்ளை உள்ள தாய்க்கு இந்த நேரம் எவ்வளவு பெரிய வரம் என்று சேர்ந்த பிறகுதான் தெரியும். பெர்கேசோ (சொக்சோ) என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டிய தொழிலாளிகளுக்கு டயாலிசிஸ் செலவைப் பெர்கேசோவே ஏற்றுக்கொள்வதால், தொண்டு மையங்களும் தனியார் மையங்களும் சின்ன ஊர்களிலும் நடக்கின்றன.

வேலை சுலபம் என்று சொல்ல மாட்டேன். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலாவின் மேல் மூன்று விரலை வைத்தால், தையல் மிஷின் ஓடும் மேசையைத் தொட்டதுபோல் ஓர் அதிர்வு தெரியும். அதிர்வு தெரியவில்லை என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள வார்டு அனுபவம் ரொம்ப உதவும். ஆனால் பொறுமையும் வேண்டும். தினமும் பார்க்கிற அதே பதினைந்து இருபது முகங்களை அக்கறையோடு பார்க்கிற குணமும் வேண்டும். தமிழ் பேசும் தாதி அங்கே எவ்வளவு தேவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் ஒரு தாத்தா விக்கிக்கொண்டே வந்தார். எடை பார்க்கும்போது விக்கல், கட்டிலில் படுத்தபோதும் விக்கல். முதல்நாள் மாலையிலிருந்து நிற்கவில்லை என்றார் மகள். "தாத்தா, நேத்து என்ன பழம் சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் பெலிம்பிங் மரம், தண்ணீர் தாகத்துக்கு நாலைந்து பழம் தின்றிருக்கிறார். நட்சத்திரம்போல் வெட்டிவைக்கும் அந்தப் பழம் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு விஷம். முதலில் விக்கல், பிறகு மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகும். உடனே டாக்டரைக் கூப்பிட்டோம், உடனே மிஷினில் போட்டோம். தாத்தா பிழைத்தார். அவருக்கு மலாய் அவ்வளவாக வராது. அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க அங்கே ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான்.

டயாலிசிஸில் அனுபவம் இல்லாதவர்களையும் பயிற்சியோடு எடுக்கும் மையங்கள் உண்டு. ரத்தத்தோடு பழகும் வேலை என்பதால் ஹெப்படைட்டிஸ் பி அட்டையைக் கேட்பார்கள், அதற்காகத்தான் மேலே சொன்னேன். சேர்ந்து இரண்டு மூன்று வருடத்தில் ரீனல் (சிறுநீரக) போஸ்ட் பேசிக் முடித்துவிட்டால் நீங்கள் எந்த ஊருக்கு மாறினாலும் வேலை உங்களைத் தேடி வரும். ஆனால் பயிற்சிக்குச் செலவு செய்பவர்கள் பாண்ட், அதாவது இத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம், கேட்பார்கள். எத்தனை வருடம், நடுவில் போனால் எவ்வளவு வெள்ளி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

கூலிம் ஹைடெக் பூங்கா 1996-இல் திறந்தது. அங்குள்ள பெரிய தொழிற்சாலைகளில் மருத்துவ அறையும் தாதியும் இருக்கும். முதலுதவி, ரசாயனம் பட்ட கண்ணைக் கழுவுவது, காது கேட்கும் சோதனைக்கு ஆட்களை அனுப்புவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, நிறைய அறிக்கை எழுதுவது. பல இடங்களில் ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். உங்கள் கணவரும் கூலிமில் தொழிற்சாலை வேலைக்குப் போவதால் கேட்டு வைக்கலாம். அங்கே தனியாக நின்று முடிவெடுக்க வேண்டும், பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார். எட்டு வருடம் கண்ட உங்களுக்கு அது முடியும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியை மனதில் வைத்திருந்தால் அதை மறந்துவிடலாம். டிரெசர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் வெள்ளைக் காற்சட்டையோடு லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) வந்து மருந்து கொடுத்த காலம் வேறு. பெரும்பாலான தோட்டங்களில் இப்போது ஒரு சிறு கிளினிக், ஒரு உதவியாளர், நாள் குறித்து வந்துபோகும் டாக்டர், அவ்வளவுதான். கிராமத்துக் கிளினிக் டேசாவிலும் சுகாதார அமைச்சின் சமூகத் தாதியர்தான் இருப்பார்கள், வெளியிலிருந்து நேரடியாகப் போக முடியாது.

தனியார் பொது மருத்துவர் கிளினிக்கை நான் கடைசியாகத்தான் சொல்வேன். வீட்டுக்குப் பக்கம், இரவு வேலை இல்லை, உண்மைதான். ஆனால் மருந்து எடுத்துக் கொடுக்கவும் பெயர் எழுதவும் தாதி தேவையில்லை, ஆகவே தாதிக்கு உரிய சம்பளமும் வராது. இரண்டு வருடம் அங்கே இருந்தால் ஐவி லைன் போடும் கை துருப்பிடித்துவிடும். வேறு வழியே இல்லை என்றால் ஆறு மாதம் என்று மனதில் நாள் குறித்துக்கொண்டு சேருங்கள்.

முதியோர் இல்லங்களும் இந்தப் பக்கம் பெருகுகின்றன. நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் சமூகநல இலாகாவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிந்த பராமரிப்பு மையம் வேறு, சுகாதார அமைச்சின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற நர்சிங் ஹோம் வேறு. சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தைப் படியுங்கள். ஒன்றுமே மாட்டாத இடத்தில் மூக்குக் குழாய் மாற்றச் சொல்லி, ஏதாவது ஆகிவிட்டால் பதிவு எண் உங்களுடையது, பதில் சொல்வதும் நீங்கள்தான்.

வேலை தேடும் முறையும் இங்கே கொஞ்சம் வேறு. இணையத்தில் விண்ணப்பம் போடுவது பெரிய மருத்துவமனைகளுக்குச் சரி. சின்ன மையங்கள் விளம்பரமே போடாது. ஒரு வாரம் லீவு எடுத்து மாமியார் வீட்டில் வந்து தங்குங்கள். திங்கள் முதல் வியாழன் வரை, காலை பத்து மணிக்கு மேல், டயாலிசிஸ் மையங்களில் முதல் ஷிஃப்ட் நோயாளிகளை மிஷினில் போட்டு முடித்த நேரமாகப் பார்த்துப் போங்கள். அப்போதுதான் சிஸ்டருக்குப் பேச நேரம் இருக்கும். கோப்பின் ஒரு நகலைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். மாமியாரிடமும் சொல்லி வையுங்கள். கோவிலில் அவர் பக்கத்தில் உட்காரும் யாரோ ஒருவரின் மகள் எங்கோ ஒரு வார்டில் இருப்பாள், "அடுத்த மாதம் எங்க வார்டில் ரெண்டு பேர் போறாங்க" என்ற செய்தி அப்படித்தான் வரும்.

நேர்முகத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் கேட்டுத் தலையாட்டாதீர்கள். அடிப்படை எவ்வளவு, ஷிஃப்ட் அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் எதன்மேல் கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். மாதம் ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் என்றால் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. சேர்ந்த மூன்றாவது மாதம் உங்கள் கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள். நான் பதினான்கு மாதம் பார்க்காமல் இருந்தேன்.

கடைசியாகப் பேச்சு. உங்கள் மலாய் கிள்ளான் மலாய். இங்கே பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர், தாதியை அழைக்கும் சொல்லால், "மிசி, அவாட் லாமா சாங்காட்?" என்பார், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார், கோபமில்லை. போ என்பதற்குப் "பி", வா என்பதற்கு "மாய்", அவர்கள் என்பதற்கு "டெபா". சீனப் பாட்டிகள் ஹொக்கியனில் "தியா" என்றால் வலிக்கிறது என்று பொருள், எங்கே என்று கையைக் காட்டச் சொல்லுங்கள். தோட்டத்துப் பெரியவர்கள் உங்களையும் மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாதத்தில் காது பழகிவிடும்.

அந்த ஒரு வாரம் எப்போது வருகிறீர்கள் என்று முன்கூட்டி எழுதுங்கள். எந்தெந்த இடத்துக்கு முதலில் போகலாம் என்று உங்கள் கோப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வேலைக் கடிதம் எதுவும் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நகல் அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துத் தருகிறேன்.